எந்த மானியத்தை முதலில் கேட்பது?

கருமத்தம்பட்டி, கணியூர், கிட்டாம்பாளையம் பக்கம் தோட்டக்காரர்களிடம் மானியம் என்று பேச்செடுத்தால் முதலில் வருவது டிராக்டரும் பவர் டில்லரும்தான். பக்கத்துத் தோட்டத்துச் சாளை முன்னால் புது வண்டி வந்து நிற்பதைப் பார்த்தால் ஆசை வருவது இயல்பு. ஆனால் இந்த மண்ணில் பண்ணையம் நொடிந்துபோன குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். வண்டி இல்லாமல் நொடிந்தவர் யாரும் இருக்க மாட்டார். போர் வற்றி நொடிந்தவர்களே இருப்பார்கள். சூலூர் வட்டாரம் நிலத்தடி நீர் மிகையாக உறிஞ்சப்பட்ட பகுதி. மழையோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் கிடைப்பது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுவதை வைத்து ஆண்டு முழுவதையும் ஓட்ட வேண்டும்.

அதனால் இந்த அத்தியாயம் ஒரு வரிசையை வற்புறுத்துகிறது. முதலில் ஆவணம், அடுத்து தண்ணீர், அதன்பின் மண், பிறகு மாடு கன்று. கருவி கடைசி. இங்கே சொல்லும் தொகைகளும் விகிதங்களும் அரசாணைகளால் மாறக்கூடியவை. விண்ணப்பம் கொடுக்கும் நாளில் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆவணம்

அரசின் உதவி உழைக்கிற ஆளைத் தேடி வருவதில்லை, பட்டாவில் உள்ள பெயரைத் தேடி வருகிறது. நம் ஊரில் பாதி விண்ணப்பங்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். நிலம் இன்னும் அப்பாரு பெயரில் இருக்கும். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். பங்காளிகள் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு வரப்புக்குள் உழுதுகொண்டிருப்பார்கள். ஊருக்கு அது போதும், அரசாங்கக் கணக்குக்குப் போதாது.

முதலில் உங்கள் சிட்டாவை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். இறந்தவர் பெயர் இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டையும் வாங்கி, பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து, உட்பிரிவுடன் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். சர்வேயர் வந்து அளக்கும் நாளில் பங்காளிகள் எல்லோரும் வரப்பில் நிற்பது நல்லது. பின்னால் வரும் வழக்கை அது மிச்சப்படுத்தும். கூட்டுப் பட்டாவாகவே வைத்துக்கொள்ள விரும்பினால், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மற்றவர்களின் சம்மதக் கடிதம் வேண்டியிருக்கும். ஒரு பங்காளி வெளிநாட்டில் இருந்தால் அதுவே பெரும்பாடு. தனிப் பட்டாவுக்கு ஆகும் அலைச்சல் ஒருமுறையோடு முடிந்துவிடும்.

இதன் அருமை பி.எம். கிசான் திட்டத்தில் தெரியும். 2019 பிப்ரவரியில் தொடங்கிய இத்திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை 2,000 வீதம் மூன்று தவணையாகத் தருகிறது. 2019 பிப்ரவரி 1-ஆம் தேதிக்கு முன் நிலம் உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கிரயம் வாங்கியவருக்குக் கிடைக்காது. நிலத்துக்காரர் இறந்து வாரிசாக வந்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு, அதற்கும் மாற்றிய பட்டா வேண்டும். வருமான வரி கட்டுபவர்கள் இதில் சேர முடியாது. தறி வைத்துக் கணக்குத் தாக்கல் செய்து வரியும் கட்டுகிறவர்கள் நம் ஊரில் நிறைய. வாங்கிவிட்டுப் பின்னால் திருப்பிக் கட்டும் நிலை வேண்டாம்.

அடுத்தது சிறு, குறு விவசாயி சான்று. இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை சிறு விவசாயி. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் வழங்குவார். நிலம் நான்கு ஊரில் சிதறிக் கிடந்தாலும் மொத்தமும் கணக்கில் வரும், மறைக்காமல் எழுதுங்கள். இந்த ஒரு சான்றுதான் சொட்டுநீரில் 75 சதவீத மானியத்தை 100 சதவீதமாக மாற்றுகிறது.

மூன்றாவது, 2025 முதல் தமிழ்நாட்டில் கொடுத்துவரும் விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண். ஆதாரையும் புல எண்களையும் இணைத்துத் தருவது. இனி வரும் திட்டங்கள் இதன் வழியாகவே நடக்கும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

அடங்கலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. அந்தப் பசலியில் உங்கள் புல எண்ணில் என்ன பயிர் பதிவாகியிருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பாருங்கள். காட்டில் வாழை நிற்க, அடங்கலில் மக்காச்சோளம் இருந்தால் வாழைக்கான மானியமும் வராது, வெள்ள நிவாரணமும் வராது.

குத்தகைக்கு ஓட்டுபவர்கள் நிலை கடினமானது. 1969-ஆம் ஆண்டின் விவசாய நிலக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருக்கிறது. ஆனால் பதிவு செய்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று நிலத்துக்காரர்கள் அஞ்சுகிறார்கள். குத்தகைக்காரருக்கு என் யோசனை: சொட்டுநீர் போன்ற நீண்ட நாள் திட்டங்களுக்குப் பதிவு செய்த நீண்டகாலக் குத்தகைப் பத்திரம் கேட்பார்கள், அதற்கு நிலத்துக்காரர் இசைந்தால் நல்லது. இசையாவிட்டால், அடங்கலில் சாகுபடி செய்பவர் என்று உங்கள் பெயரை ஏற்றச் சொல்லிப் பயிர்க் காப்பீட்டையாவது உங்கள் பெயரில் கட்டுங்கள். உழுது விதைப்பவன் கைக்கு ஒன்றும் வராமல், பட்டாக்காரர் கணக்குக்கே எல்லாம் போவது இந்தத் திட்டங்களின் பெரிய குறை. அது மாறியே ஆக வேண்டும்.

கருமத்தம்பட்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பேரூராட்சியாக இருந்த ஊர் 2021-ல் நகராட்சி ஆனது. கிராம ஊராட்சிகளைத் தேர்ந்தெடுத்துச் செயல்படும் கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டமும், 100 நாள் வேலை என்று நாம் சொல்லிப் பழகிய ஊரக வேலைத் திட்டத்தில் நடக்கும் வரப்பு, பண்ணைக்குட்டைப் பணிகளும் நகராட்சி எல்லைக்குள் வராது. ஆனால் உங்கள் நிலம் பக்கத்து ஊராட்சியில் இருக்கக்கூடும். வீடு இருக்கும் இடத்தை வைத்து முடிவு கட்டாமல், நிலம் எந்த வருவாய்க் கிராமத்தில், எந்த உள்ளாட்சியில் இருக்கிறது என்று பாருங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது

ஒரே தோட்டத்துக்குள் ஐந்து துறை இருக்கிறது. மக்காச்சோளம், பருத்தி, பயறு, கரும்புக்கு வேளாண்மைத் துறை. வாழை, மஞ்சள், காய்கறிக்குத் தோட்டக்கலைத் துறை. தென்னை தோட்டத்துப் பயிர்தானே என்று தோட்டக்கலைக்குப் போகிறவர்கள் பலர், ஆனால் தமிழ்நாட்டில் தென்னையைப் பார்த்துக்கொள்வது வேளாண்மைத் துறை. சோலார் பம்ப், கருவிகள், தடுப்பணை போன்றவை வேளாண் பொறியியல் துறை. மல்பெரி பட்டு வளர்ச்சித் துறையிடம், ஆடு மாடு கால்நடை பராமரிப்புத் துறையிடம். 2018-ல் வந்த உழவன் செயலியில் பெரும்பாலானவற்றுக்குப் பதிவு செய்யலாம். ஆனாலும் உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரையும் உதவித் தோட்டக்கலை அலுவலரையும் முகம் பார்த்துப் பழகி வையுங்கள். அந்த ஆண்டுக்கான இலக்கு எப்போது வந்தது, எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது அவர்களிடம்தான் தெரியும். ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கியதுமே பெயரைக் கொடுத்துவிடுங்கள். தை மாதம் போய்க் கேட்டால் இலக்கு முடிந்துவிட்டது என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும்.

எல்லாத் திட்டத்துக்கும் பொதுவான விதி ஒன்று: அனுமதி ஆணை கையில் வருவதற்கு முன் எதையும் வாங்காதீர்கள். கடைக்காரர் எவ்வளவு உறுதி சொன்னாலும், முன்கூட்டியே வாங்கிய பில்லுக்கு மானியம் வராது.

தண்ணீர்

நம் பகுதியில் முதலில் கேட்க வேண்டிய மானியம் சொட்டுநீர். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். சிறு விவசாயிக்கு ஐந்து ஏக்கர் வரை, மற்றவர்களுக்குப் பன்னிரண்டரை ஏக்கர் வரை. சிட்டா, அடங்கல், புலப்படம், சிறு குறு சான்று, ஆதார், மண், நீர் பரிசோதனை முடிவு ஆகியவற்றுடன் விண்ணப்பித்தால், அலுவலர் வந்து கிணற்றையும் பயிரையும் பார்ப்பார். நீங்கள் தேர்ந்தெடுக்கும் நிறுவனம் தோட்டத்தை அளந்து வரைபடமும் விலைப்புள்ளியும் தரும். பணி ஆணை வந்தபின் குழாய் பதிப்பார்கள். பதித்ததை அலுவலர்கள் இருப்பிடக் குறியீட்டுடன் படம் எடுத்துச் சரிபார்த்தால் மானியம் நேரே நிறுவனத்துக்குப் போகும்.

100 சதவீதம் என்ற சொல்லில் மயங்கிவிட வேண்டாம். அரசு நிர்ணயித்த அலகு விலைக்குத்தான் 100 சதவீதம். தென்னைக்கு இடைவெளி அதிகம் என்பதால் குழாய் குறைவு, பெரும்பாலும் அந்த விலைக்குள் அடங்கிவிடும். தக்காளி, மஞ்சள் என்று நெருக்கி நடுவதற்குப் பக்கவாட்டுக் குழாய் நெருக்கமாக வேண்டும், கைப்பணம் சேர்க்க வேண்டி வரலாம். விலைப்புள்ளியில் வடிகட்டியின் தரத்தைக் கேளுங்கள். நம் போர்த் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். வடிகட்டி சரியில்லாவிட்டால் இரண்டாம் ஆண்டே சொட்டுவான்கள் அடைத்து, குழாயைச் சுருட்டி மூலையில் போடும்படி ஆகும். அமிலம் விட்டுக் கழுவும் முறையை நிறுவனத்தார் செய்து காட்டாமல் திருப்திக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் அவர்களுக்குப் பணம் போகிறது. ஒருமுறை மானியம் வாங்கிய நிலத்துக்கு 7 ஆண்டு கழித்தே மறுபடி கேட்க முடியும்.

புது போர் போட மானியம் உண்டா என்று கேட்பவர்களுக்கு: துணைநிலை நீர் மேலாண்மைத் திட்டத்தில் ஆழ்குழாய்க்கு உதவி இருக்கிறது, ஆனால் அது நிலத்தடி நீர் பாதுகாப்பான குறுவட்டங்களுக்கு மட்டும். அதே திட்டத்தில் நீர்த்தேக்கத் தொட்டி, பாசனக் குழாய் ஆகியவற்றுக்கும் உதவி உண்டு, நாம் கேட்க வேண்டியது அவற்றை. ஆயிரம் அடிக்குக் கீழே இன்னொரு துளை போடுவதைவிட, இருக்கும் தண்ணீரை இரவில் தொட்டியில் தேக்கிப் பகலில் சொட்டாக விடுவது குடும்பத்தைக் காப்பாற்றும்.

இலவச மின்சாரம் பற்றி இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. இது யாரோ தானமாகத் தந்ததல்ல. வையம்பாளையத்து நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவைச் சீமை விவசாயிகள் 1970-களில் மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கட்டை வண்டிகளோடு கோவையில் நின்றார்கள். பெருமாநல்லூரில் 1970-ல் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். அப்படி வந்த மின்சாரத்தைத் தறிக்கு இழுப்பதும், டேங்கர் லாரிக்குத் தண்ணீர் விற்பதும் இணைப்பையே துண்டிக்க வைக்கும் குற்றம். இணைப்புக்காகக் காத்திருப்பவர்கள் பி.எம். குசும் திட்டத்தில் சோலார் பம்ப் கேட்கலாம். பொதுவாக 60 சதவீதமும், ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயிகளுக்கு 70 சதவீதமும் மானியம். மின் இணைப்பு வரிசையில் உங்களுக்குள்ள மூப்பு அதனால் என்ன ஆகும் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மண்

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரில் 1.5 டிஎம்சியை ஏற்றிக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது அதன் நோக்கம். வாய்க்கால் பாசனம் இதில் கிடையாது, குளத்தில் நின்று ஊறி நம் கிணறுகளுக்கு வர வேண்டிய தண்ணீர் இது. குளத்தின் அடியில் வண்டல் படிந்து மெழுகியிருந்தால் தண்ணீர் ஊறாது, வெயிலில் ஆவியாகும். இந்த இடத்தில் விவசாயிக்கும் குளத்துக்கும் ஒரே நேரத்தில் உதவும் திட்டம் இருக்கிறது. 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற்று, உங்கள் வட்டத்திலுள்ள குளங்களில் வண்டல் மண்ணை விலையின்றி எடுக்கலாம். ஏக்கருக்கு நஞ்சைக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர். வண்டி வாடகை உங்களுடையது. கோடை உழவோடு சேர்த்து அடித்து, முதல் மழைக்கு முன் பரப்பிவிடுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. நொய்யல் நீர் வந்து சேரும் குளங்களின் வண்டலைப் பரிசோதிக்காமல் கொண்டுவராதீர்கள். சாயக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையால் அதன் கீழே இருந்த நிலங்கள் பட்ட பாட்டை இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. நாம் திருப்பூருக்கு மேலே இருந்தாலும் கோவை நகரின் கழிவு நம் வழியாகத்தான் போகிறது. ஒரு கிலோ மண்ணைக் கோவை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவையும் கார அமில நிலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த நிலத்து மண்ணையும் அப்போதே கொடுங்கள். மண்வள அட்டை 12 கூறுகளைச் சொல்லும், உர மூட்டைகளை எண்ணிக் குறைக்க அது உதவும்.

மண்ணுக்கான மற்ற உதவிகள் சிறியவை, ஆனால் தவறவிடக் கூடாதவை. முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உர விதை மானியத்தில் கிடைக்கிறது. மானாவாரிக் காட்டுக்குக் கோடை உழவு மானியம் 2025–26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. வரப்பில் மரம் வைக்க நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில் தேக்கு, மகாகனி, வேங்கை, செம்மரக் கன்றுகள் இலவசம். வரப்போரம் ஏக்கருக்கு 50, காடு முழுக்க வைத்தால் 160. எந்த மரம் உங்கள் மண்ணுக்கு ஆகும் என்று கோவை ஆர்.எஸ்.புரத்தில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தில் கேட்டுவிட்டு வையுங்கள்.

மாடு கன்று

தறி ஓடாத மாதங்களில் இந்த ஊர்க் குடும்பங்களின் அடுப்பை எரியவைப்பது கட்டுத்தரை. மாட்டின் காதில் 12 இலக்க வில்லை இருக்கிறதா என்று பாருங்கள். கோமாரித் தடுப்பூசி முதல் காப்பீடு வரை எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். தேசிய கால்நடை இயக்கத்தின் 2024-ஆம் ஆண்டு மாற்றத்தின்படி காப்பீட்டுப் பிரீமியத்தில் உங்கள் பங்கு 15 சதவீதம். மாடு இறந்துவிட்டால், அரசு கால்நடை மருத்துவர் வந்து பிரேதப் பரிசோதனை செய்யும் முன் புதைக்காதீர்கள், காது வில்லையைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அழுதுகொண்டே அவசரமாகப் புதைத்துவிட்டால் இழப்பீடு கேட்க ஆதாரம் இருக்காது. அவசரத்துக்கு 1962-ஐ அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

பெரிதாக ஆடு வளர்க்க நினைப்பவர்களுக்கு அதே இயக்கத்தில் 50 சதவீத மூலதன மானியம் உண்டு. 100 பெட்டை, 5 கிடா கொண்ட அலகுக்கு 10 லட்சம் வரை, 500 பெட்டை, 25 கிடாவுக்கு 50 லட்சம் வரை. கேட்க இனிக்கும். ஆனால் மீதிப் பணம் வங்கிக் கடனாகவோ கைப்பணமாகவோ இருக்க வேண்டும், மானியம் இரண்டு தவணையாகப் பின்னால்தான் வரும். தீவனக் காடு இல்லாமல் 100 ஆடு வாங்கியவர் கோடையில் அடர்தீவனம் வாங்கியே நொடிவார். முதல் ஆண்டு கோ 4 கம்பு நேப்பியரும், கோ எஃப்எஸ் 29 தீவனச் சோளமும், வரப்பில் வேலிமசாலும் அகத்தியும் வளர்த்துப் பாருங்கள். சரவணம்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் பயிற்சியும் எடுங்கள். அதன்பின் விண்ணப்பியுங்கள்.

இங்கே கொறங்காட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல்லடம் தாண்டிக் காங்கயம், தாராபுரம் வரை நம் உறவுக்காரர்கள் பலருக்கும் கொறங்காடு இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். காங்கயம் மாடும் ஆடும் மாறி மாறி மேயும். உழுவதும் இல்லை, பாய்ச்சுவதும் இல்லை, மண் அரிப்பும் இல்லை. அமெரிக்காவில் 1930-களில் புழுதிப் புயல் விளைநிலங்களைத் தூக்கிப்போன பிறகு அந்த அரசு மண் காப்பைக் கையில் எடுத்தது. 1985 முதல், அரிக்கும் நிலத்தை உழாமல் புல்லுக்கும் மரத்துக்கும் விடுகிற விவசாயிக்கு 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தம் போட்டு ஆண்டு வாடகை தருகிறது. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக அதைச் சம்பளமின்றிச் செய்துவருகிறார்கள். கொறங்காட்டைக் கொறங்காடாகவே வைத்திருப்பதற்கு அப்படி ஓர் ஆண்டு வாடகை நம் திட்டங்களில் இல்லை. மனைக்கு விலை கேட்டு ஆள் வரும்போது மறுக்கும் விவசாயிக்குக் கைகொடுக்க அரசு இதைச் செய்ய வேண்டும். இப்போதைக்குத் தீவன அபிவிருத்தித் திட்டங்களில் கொழுக்கட்டைப் புல் விதையாவது கேட்டு வாங்கி, கரடான இடங்களில் மழைக்கு முன் தூவுங்கள்.

கடனும் காப்பீடும் கருவியும்

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் தவணை தவறாமல் கட்டினால் வட்டி இல்லை. வங்கியில் கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி, உரிய காலத்தில் கட்டினால் 4. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. நகையை வைத்து வாங்கும் முன் இதைக் கேளுங்கள்.

பயிர்க் காப்பீட்டில் காரீஃப் பயிருக்கு 2 சதவீதம், ராபிக்கு ஒன்றரை, வாழை, மஞ்சள் போன்றவற்றுக்கு 5 சதவீதம் நம் பங்கு. தென்னைக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீடு தனி. 4 முதல் 15 வயது மரத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 9 ரூபாய், காப்பீடு 900 ரூபாய். 16 முதல் 60 வயதுக்குப் பிரீமியம் 14, காப்பீடு 1,750. இதில் கால் பங்குதான் விவசாயி கட்டுவது, அதாவது 16 முதல் 60 வயது மரத்துக்கு மூன்றரை ரூபாய். சூறைக்காற்றில் தோப்பே சாய்ந்த பிறகு இதைக் கேள்விப்படுவது மிகவும் வருத்தமானது.

கருவிகளுக்கு 40 முதல் 50 சதவீத மானியம் உண்டு. ஐந்து ஏக்கருக்குக் கீழே உள்ளவர்கள் டிராக்டர் வாங்கித் தவணை கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேளாண் பொறியியல் துறை உழவன் செயலி வழியாக மணிக்கு 500 ரூபாய் வாடகையில் டிராக்டர் தருகிறது. களை எடுக்கும் கருவி, புல் நறுக்கும் கருவி போன்ற சிறியவற்றை மானியத்தில் வாங்குங்கள், அவை தினமும் பயன்படும்.

விண்ணப்பம் நகராவிட்டால்

எந்த விண்ணப்பத்துக்கும் ஒப்புகை எண் இல்லாமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். முடித்துத் தருகிறேன் என்று யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள், இந்தத் திட்டங்கள் எதிலும் இடையாளுக்கு இடமில்லை. பட்டா, உட்பிரிவுச் சிக்கல்களை ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கும் ஜமாபந்தியில் எழுதிக் கொடுங்கள். மற்றவற்றை மாதந்தோறும் கோவை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில், ஒப்புகை எண்ணையும் தேதியையும் எழுதி ஒரே பக்கத்தில் கொடுங்கள். எல்லாத் துறை அலுவலர்களும் அங்கே இருப்பார்கள், தட்டிக்கழிக்க முடியாது. அதற்கும் பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு, என் விண்ணப்பம் எந்த மேசையில், எந்தத் தேதி முதல் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.